சனிக்கிழமை நாற்காலியிடம் தேறி வந்த மடல்

மூளை நரம்பியல் துறையின் தலைவராக விளங்கி இன்று பணி நிறைவு பெறும் எங்கள் பேராசிரியர் அவர்களுக்கு, துறையின் மருத்துவர்களும் செவிலியர்களும் பணியாளர்களும் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் மடல்

அன்பும் அறிவும் அளவறிந்து கலந்த அம்மையே! நரம்பின் நுனிவரை நாடிச் சென்று நோயின் இருப்பிடத்தை நவின்ற நல்லாசிரியரே! சுத்தியல் ஒன்றைச் சட்டைப்பையில் சுமந்து, சோர்ந்து கிடந்த முழங்கால்களையும் சோம்பிக் கிடந்த பயிற்சி மருத்துவர்களையும் ஒரே தட்டில் துள்ளி எழச் செய்த தூயவரே! கண்டிப்பில் கோடையாகவும் கனிவில் கார்காலமாகவும் கையெழுத்தில் மட்டும் கோழிக் கிறுக்கலாகவும் திகழும் எங்கள் பேராசிரியப் பெருந்தகையே! வணக்கம்.

இந்த நடையில் மூன்று பக்கம் எழுதியிருந்தோம். 'மருத்துவ மாமணி' இருந்தது, 'கலங்கரை விளக்கம்' இருந்தது, 'தாங்கள்' என்ற சொல் வரிக்கு வரி இருந்தது. அத்தனையையும் ஒருவர் அடிக்க வைத்துவிட்டார். அவர் வேறு யாருமில்லை, இந்த அரங்கின் முதல் வரிசையில் உங்களுக்குப் பக்கத்து இருக்கையில் ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருக்கும் உங்கள் கணவர்தான். அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் துறையை நீங்கள் வளர்த்தீர்கள். நீங்கள் வந்தபோது இங்கே இருந்தவை இரண்டு அறைகளும், காது மூக்கு தொண்டைப் பிரிவிலிருந்து இரவல் வாங்கிய அதிர்வுணர்வைச் சோதிக்கும் ஓர் இசைக்கவையும்தான் என்று மூத்த செவிலியர் சொல்வார். இன்று தனி வார்டு உண்டு, பக்கவாதத்துக்குத் தனிப் பிரிவு உண்டு, ஆண்டுதோறும் பயிற்சிக்கு வரும் மருத்துவர்கள் உண்டு. அந்த இசைக்கவையை மட்டும் நாம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மற்ற துறைகளில் முதல் கேள்வி 'என்ன நோய்?' என்பது. உங்கள் வார்டில் முதல் கேள்வி 'எங்கே?'. மூளையிலா, தண்டுவடத்திலா, நரம்பிலா, தசையிலா என்று சொல்லாமல் எந்தப் பயிற்சி மருத்துவரும் அடுத்த கட்டிலுக்கு நகர முடியாது. ஸ்கேன் வந்துவிட்டது என்று மூச்சிரைக்க ஓடி வந்தவரிடம், "படம் எங்கேயும் ஓடிப் போயிடாது. நோயாளியைத் தொட்டுப் பாத்தியா? முதல்ல நீ சொல்லு, அப்புறம் அது சொல்லட்டும்" என்பீர்கள். வலிப்பு வந்தவரைப் பற்றிச் சொல்ல வந்தால், "மயங்கிக் கிடந்தவருக்கு என்ன தெரியும்? பாத்தவங்களைக் கூப்பிடு" என்பீர்கள். அதற்காக எங்களில் ஒருவர் நோயாளியின் அலுவலகத்துக்கே தொலைபேசி போட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் எந்தக் கை முதலில் துடித்தது என்று விசாரித்தார். பாதிக் கதையிலேயே நோய் பிடிபட்டுவிட்டது.

நோய்க்குறிகளை நீங்கள் நடித்துக் காட்டும் அழகை இந்த இடத்தில் சொல்லியே ஆகவேண்டும். பக்கவாதக்காரர் காலை வீசி நடப்பதையும், சிறுமூளை கெட்டவர் தள்ளாடுவதையும், நடுக்கவாதக்காரர் குறுகுறு அடிவைத்துத் திரும்புவதையும் வார்டின் நடுவே நீங்கள் நடந்து காட்டும்போது நோயாளிகளே கை தட்டுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர் உங்களை நிஜ நோயாளி என்று நினைத்துச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நீங்களும் சளைக்காமல் அதில் ஏறி உட்கார்ந்து வார்டைச் சுற்றி வந்தீர்கள். இதை ஏன் சொல்கிறோம் என்பது பின்னால் விளங்கும்.

கோபம் உங்களுக்கு மூக்கு நுனியில். அதை மறைத்து எழுதினால் இந்த அரங்கே சிரிக்கும். ஆனால் நோயாளியின் எதிரே எங்களில் யாரையும் நீங்கள் திட்டியதில்லை. தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டுத்தான் ஆரம்பிப்பீர்கள். கதவு என்னவோ மெல்லிய கதவுதான்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

ஒருநாள் மருத்துவமனை வாசலில் நீங்கள் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தீர்கள். பக்கத்தில் ஒரு குடும்பம். எங்கள் பயிற்சி மருத்துவர் ஒருவர் அவர்களோடு நெடுநேரம் பேசிவிட்டு அப்போதுதான் அனுப்பியிருந்தார். அந்த வீட்டு மகன் வாயிற்காவலரிடம் சொன்னது உங்கள் காதில் விழுந்தது: "டாக்டர் தங்கமான மனுஷன், ரொம்ப நேரம் பேசினாரு. எங்கப்பா பொழைப்பாரா மாட்டாரான்னு மட்டும் தெரியலை." நீங்கள் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு மாடி ஏறி வந்தீர்கள். அந்த வாரச் சனிக்கிழமையே படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கும் சின்ன அறை காலி செய்யப்பட்டது. அதில் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டன. கைவைத்த மர நாற்காலியில், எதிர்த் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் உங்கள் கணவர், நோயாளியின் சொந்தக்காரராக நடிக்க வந்து அமர்ந்தார்.

அன்று முதல் அவர் எங்கள் சனிக்கிழமைச் சொந்தக்காரர். மதியம் கடையைச் சாத்திவிட்டு வருவார். ஒரு வாரம் வலிப்பு வந்த பையனுக்கு அப்பா, ஒரு வாரம் நினைவு தப்பிக்கொண்டிருக்கும் தாய்க்கு மகன், ஒரு வாரம் பக்கவாதம் தாக்கிய மனைவிக்குக் கணவர். பயிற்சி மருத்துவர் எதிரே வந்து அவரிடம் நிலைமையைச் சொல்லவேண்டும். அவர் அழுவார், கத்துவார், "வேற பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க" என்பார். சுவரோரம் நிற்கும் உங்களைப் பார்த்துக் கண்ணடித்து, "வீட்டுல என் பேச்சுக்கு மதிப்பில்லை, இங்கேயாவது ஒரு நாற்காலி போட்டிருக்காங்க" என்பார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இப்ப நான் வீட்டுக்குப் போறேன். பொண்ணு கேப்பா. நான் என்னன்னு சொல்லட்டும்?"

அதற்குப் பதில் சொல்லவேண்டும். அதைக் கேட்டுவிட்டு அவர் 'புரிஞ்சுது' என்றால் தேறினோம், 'புரியலை' என்றால் தோற்றோம். நீங்கள் மதிப்பெண் போட்டதே இல்லை. அவர் சொன்னதுதான் முடிவு.

அந்த நாற்காலியிடம் ஒருமுறைகூடத் தேறாதவர் ஒருவர் எங்களில் இருந்தார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பாடப்புத்தகம். எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று சொல்லக்கூடியவர். நோயாளியின் உறவினர் முன் நிற்கும்போது மட்டும் நாக்கு புத்தகமாகிவிடும். "இடது நடுப் பெருமூளைத் தமனியில் அடைப்பு" என்று அவர் தொடங்கினால், "தம்பி, அது எந்த ஊர்ல இருக்கு?" என்பார் சொந்தக்காரர். அடைப்பைக் கரைக்கும் ஊசியால் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளையில் ரத்தம் கசியலாம் என்று பாடப்புத்தகம் ஒப்பிப்பார். "அந்த ஆறு பேர்ல என் சம்சாரம் ஒருத்தியா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று வரும் எதிர்க்கேள்வி.  அவர் நின்றபடியே விழிப்பார். "புரியலை" என்று சொல்லிவிட்டுச் சொந்தக்காரர் தேநீருக்குப் போய்விடுவார். இந்தத் தொழிலே வேண்டாம், ஆய்வகத்துக்குப் போய்விடுகிறேன் என்று பாடப்புத்தகம் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அப்போதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது. அந்த நாளில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதியை இன்று சொல்கிறோம்.

வார்டுச் சுற்றில் சன்னலோரக் கட்டிலருகே பேச்சிழப்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தீர்கள். டார்ச்சை உயர்த்தினீர்கள். "இந்தச் சாவியை… சாவி… சாவி…" என்றீர்கள். டார்ச் கையிலிருந்து நழுவி விழுந்தது. முதலாண்டு மருத்துவர்கள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். "மேடம் என்னமா பண்றாங்க!" என்று ஒருவர் முணுமுணுத்து வியந்தார். உங்கள் பாடம் அப்படித்தான் இருக்கும் என்று பழகிப்போன கூட்டம் நாங்கள். உங்கள் பொருள் ஒன்று கீழே விழுந்தால் வார்டே அதிர நீங்கள் சத்தம் போடுவீர்கள், இப்போதோ விழுந்த டார்ச்சைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை என்பதைக் கண்டவர் பாடப்புத்தகம் ஒருவர்தான். "இது நடிப்பில்லை! எங்கேன்னு யாரும் யோசிக்காதீங்க, மூளையோட இடது பக்கம். ட்ராலியைத் தள்ளுங்க!" என்று அவர் கத்தினார். அவர் அத்தனை உரக்கப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

ஸ்கேன் அறைக்குள் விடுமுன் உங்கள் கண்ணாடியைக் கழற்றினார்கள். மூளையில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்று தெரிந்தது. ஊசி போட வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு கணமும் மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். இது நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். வீட்டாரிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அன்று பக்கவாத அவசர அழைப்புகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவர் பாடப்புத்தகம்.

செவிலியர் கடைக்குத் தொலைபேசியில், "சார், உடனே கிளம்பி வாங்க, டிபார்ட்மென்ட்ல தேடறாங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார். தாழ்வாரம் முழுக்கக் கூட்டம். பக்கத்தில் காலியாக இருந்தது அந்தச் சின்ன அறைதான். பாடப்புத்தகம் உங்கள் கணவரை அதற்குள் அழைத்துப் போனார். அவர் வழக்கமான நாற்காலியில் வழக்கம்போல உட்கார்ந்தார்.

"என்ன தம்பி, பரீட்சை வருதா? ஸ்பெஷல் கிளாஸா?" என்று சிரித்தார். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க டாக்டர், என் சம்சாரத்துக்கு என்ன ஆச்சு?" என்றார்.

வாசலில் நின்ற செவிலியர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"சார், மேடத்துக்குப் பேச்சு குழறிடுச்சு. வலது கை விழுந்துடுச்சு."

உங்கள் கணவர் நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தார். "காலையில என்கூடச் சண்டை போட்டுட்டுத்தானே வந்தா! அதுக்குள்ள எப்படிப் பேச்சு போகும்?" உடனே குரலைத் தாழ்த்தி, "பரவாயில்லை தம்பி, இன்னைக்கு நேரா விஷயத்துக்கு வந்துட்டே. மேல சொல்லு" என்று தட்டிக்கொடுத்தார்.

"சார், இது கிளாஸ் இல்லை."

"அப்படியும் ஒரு வழி வெச்சிருக்கியா? நல்லாத்தான் இருக்கு."

எப்போதும் நின்றுகொண்டே பேசும் பாடப்புத்தகம் அன்று மற்ற நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் முட்ட எதிரே உட்கார்ந்தார். தம் கோட்டுப் பையிலிருந்து உங்கள் கண்ணாடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர நீங்கள் கழற்றாத கண்ணாடி அது. இடது காம்பில் இருக்கும் திருகை உங்கள் கணவரே மாற்றிப் போட்டிருந்தார். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். அதன்பிறகு அவர் முகத்தில் நடிப்பு இல்லை.

"ரத்தக் குழாய்ல ரத்தம் கட்டி அடைச்சிருக்கு சார். கரைக்க ஊசி இருக்கு. இப்பவே போடணும். போட்டா கையும் பேச்சும் திரும்பற வாய்ப்பு கூடும். ஆனா நூத்துல ஆறு பேருக்கு மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடுது. உயிருக்கே ஆபத்தாகலாம்."

"அந்த ஆறு பேர்ல இவ ஒருத்தியா?"

அதே கேள்வி. இந்த முறை பாடப்புத்தகம் விழிக்கவில்லை.

"தெரியாது சார். யாருக்கும் தெரியாது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. எங்கம்மாவா இருந்தா போடச் சொல்லுவேன்."

"அப்ப போடு. இங்க ஏன் உக்காந்திருக்கே? ஓடு!"

ஊசி போட்டோம். அந்த ஆறு பேரில் நீங்கள் இல்லை. அன்று மாலையே வலக்கைச் சுண்டுவிரலை அசைத்தீர்கள். கை தேறி, நடை தேறி, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துக் கொண்டு வந்தீர்கள். முழுதாக வந்த முதல் வாக்கியம், "அவர்கிட்ட யார் பேசினது?" என்பது. நாங்கள் பாடப்புத்தகத்தைக் காட்டினோம். நீங்கள் சிரித்தீர்கள். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

நீங்கள் பணிக்குத் திரும்பினீர்கள், பாடம் நடத்தினீர்கள், பழையபடி கதவைச் சாத்திக்கொண்டு திட்டினீர்கள். டார்ச்சுக்கு மட்டும் இன்றுவரை உங்கள் வாயில் 'சாவி' என்றுதான் வருகிறது. இப்போது வார்டு முழுக்க டார்ச்சுக்குப் பெயர் சாவி. காரணம் தெரியாத புது மருத்துவர்கள்கூட அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

ஆய்வகத்துக்குப் போகிறேன் என்ற பேச்சைப் பாடப்புத்தகம் விட்டுவிட்டார். பயிற்சி முடித்து இப்போது நம் துறையிலேயே உதவிப் பேராசிரியர். ஆனால் ஒன்று மட்டும் திரும்பவில்லை. உங்கள் கணவர் அந்த அறைக்கு வரவில்லை. நீங்கள் கூப்பிட்டபோது, "நிஜமாவே ஒரு தடவை உக்காந்தாச்சு. இனிமே அதுல நடிக்க வராது" என்றார். நீங்கள் வற்புறுத்தவில்லை. நாற்காலி சுவரோரம் போனது. நாங்கள் வேறு ஆட்களை உட்கார வைத்துப் பார்த்தோம். மருந்தகக்காரருக்கு நோயைப் பற்றி எங்களைவிட அதிகம் தெரிந்திருந்தது. உணவகக்காரரோ அடுப்பில் வைத்த பால் ஞாபகத்தில், நாங்கள் வாயைத் திறக்குமுன்பே "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்றார். போன மாதம் உங்கள் அறையைக் காலி செய்யும்போது, "எல்லாம் ஒப்படைச்சாச்சு. அந்தச் சின்ன ரூம்தான் அப்படியே கிடக்கு. நான் போனதும் பழையபடி விரிப்பு அடுக்கிடுவாங்க" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அது எங்கள் எல்லோருக்கும் வலித்தது.

ஆகவே முதலில் சொன்ன அந்த மூன்று பக்க மடலை எழுதி முடித்ததும் பாடப்புத்தகம் கண்ணாடிக் கடைக்குப் போனார். "நடிக்க வேண்டாம் சார். மேடத்தைப் பத்தி எழுதியிருக்கோம். கேட்டு மட்டும் சொல்லுங்க" என்றார். கடைக்காரர் வெகுநேரம் ஒரு கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு வந்தார். சுவரோரம் கிடந்த நாற்காலியைச் சற்றுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பாடப்புத்தகம் எதிரே அமர்ந்து, மூன்று பக்கத்தையும் மூச்சு விடாமல் படித்தார்.

"புரியலை" என்றார் உங்கள் கணவர்.

"எது சார்?"

"மாமணின்னு ஒருத்தங்க வந்தாங்களே, யாரு அது? என் பொண்டாட்டியா?" நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "மேடையில படிச்சுடுவீங்க. நாங்க வீட்டுக்குப் போயிடுவோம். அவ ராத்திரி கேப்பா, பசங்க என்னங்க சொன்னாங்கன்னு. கூட்டத்துல பாதி அவ காதுல விழாது. நான் என்னன்னு சொல்லட்டும்?"

பாடப்புத்தகம் தாள்களை மடித்துக் கீழே வைத்தார்.

"நோய் எங்கேன்னு கண்டுபிடிக்க ஆயிரம் பேர் சொல்லித் தருவாங்க, அதை வீட்டுக்காரங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இவங்க ஒருத்தங்கதான் சொல்லிக்குடுத்தாங்கன்னு சொல்லுங்க சார். அந்தப் பாடம் கடைசியில அவங்களுக்கே உதவிச்சுன்னு சொல்லுங்க. அவங்க போறது எங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு சொல்லுங்க."

உங்கள் கணவர் தம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"புரிஞ்சுது" என்றார்.

பாடப்புத்தகம் அந்த நாற்காலியிடம் பெற்ற முதல் தேர்ச்சி அது. அதனால்தான் அம்மா, இந்த மடலில் மாமணியும் இல்லை, கலங்கரை விளக்கமும் இல்லை. வாழ்த்தை மட்டும் எங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ள அவர் அனுமதி தந்திருக்கிறார்.

நடை தளராமல், நா தடுமாறாமல், நினைவு மங்காமல் நெடுங்காலம் நீங்கள் வாழ்க! தேடும் சொல்லெல்லாம் தேடியவுடன் வந்து சேர்க! உங்கள் கைப்பட்டு எழுந்த முழங்கால்கள் நடக்கும் தெருவெல்லாம் உங்கள் பெயர் நடக்கட்டும்! நாளை முதல் வாரத்தின் எல்லாக் கிழமைகளும் உங்களுக்கு ஓய்வாகுக!

ஒரே ஒரு வேண்டுகோள். அன்று 'புரிஞ்சுது' என்று எழுந்தவர் கதவுவரை போய்த் திரும்பி நின்று, "அடுத்த வாரம் யாரு? அந்த முதலாண்டுப் பொண்ணா? அது ரொம்ப வேகமாப் பேசுதே" என்றார். நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து நடுவுக்கு இழுத்துப் போட்டுவிட்டோம். ஆகவே இனிச் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவரை எதிர்பார்க்க வேண்டாம்.

என்றென்றும் உங்கள் அன்புக்குரிய,
மூளை நரம்பியல் துறையின் மருத்துவர்கள், செவிலியர்கள், பணியாளர்கள்

எழுதிப் படித்தவர்: பாடப்புத்தகம்
கேட்டுத் தேர்ச்சி தந்தவர்: சனிக்கிழமைச் சொந்தக்காரர்